ஆசிரியர் நிதித்துறைக்குப் போகலாமா?



ஆசிரியப் பணியை விட்டு இன்ஷூரன்ஸ், மியூச்சுவல் ஃபண்ட் போன்ற துறைகளுக்குச் செல்ல எண்ணுகிறவர்கள் நம் சபைகளில் பெருகி வருகிறார்கள். பெரும்பாலோர் தனியார் பள்ளிகளில் பணியாற்றுகிறவர்கள். பி.எட். முடித்துப் பல ஆண்டுகள் கற்பித்த பின்பும் குடும்பத்தை நடத்தப் போதாத சம்பளம். கோடை விடுமுறைக்குச் சம்பளமே தராத நிர்வாகங்களும் உண்டு. இவர்கள் போதகரிடம் வந்து, "இது அழைப்பை விட்டு ஓடுவதாகுமா?" என்று கலங்கிக் கேட்கிறார்கள்.

ஆகாது என்பதே என் பதில். ஆசிரியப் பணி புனிதம், பணத்தைக் கையாளும் பணி அசுத்தம் என்னும் பிரிவினைக்கு வேதத்தில் இடமில்லை. (அப்படிப் பேசுகிறவர்களில் பலர் அரசு ஓய்வூதியம் வாங்குகிறவர்கள் என்பதையும் கவனித்திருக்கிறேன்.) யோசேப்பு எகிப்தின் விளைச்சலில் ஐந்தில் ஒரு பங்கைச் சேமித்து வைத்துப் பஞ்ச காலத்தில் ஜனங்களைக் காப்பாற்றினான். பவுல் பிரசங்கித்துக்கொண்டே கூடாரம் செய்து பிழைத்தார். தீமோத்தேயுவுக்கு அவர் எழுதிய எச்சரிக்கையும் பணத்தைப் பற்றியதன்று, பண ஆசையைப் பற்றியது.

ஆகவே போகலாமா என்பதைவிட, எதை எடுத்துக்கொண்டு போகிறீர்கள் என்பதையே நான் கேட்க விரும்புகிறேன்.

முகவர்களைச் சேர்க்கும் மேலாளர் உங்களைப் பயிற்சிக்கு அழைத்ததும் ஒரு தாளைக் கொடுத்து, தெரிந்தவர்களின் பெயர்களை எழுதச் சொல்வார். உறவினர், அயலார், சபையார், மாணவர்களின் பெற்றோர் என அந்தப் பட்டியல் நீளும். நிறுவனம் உங்கள் கணித அறிவை மட்டும் நாடவில்லை. அந்தப் பட்டியலையும் நாடுகிறது. நம் ஊர்களில் ஆசிரியரின் சொல்லுக்கு இருக்கும் மதிப்பு ஒரு நாளில் வந்ததன்று. மிஷன் பள்ளிகளின் தொடக்க காலத்தில் பல கிராமங்களில் உபதேசியாரே வாத்தியாராகவும் இருந்தார். கடிதம் வாசித்துக் காட்டவும் வழக்கைத் தீர்க்கவும் ஜனங்கள் அவரையே தேடினார்கள். அந்த நம்பிக்கையின் மிச்சத்தில்தான் இன்றும் ஒரு தாய், "டீச்சர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும்" என்று படிவத்தை வாசிக்காமலே கையெழுத்திடுகிறாள்.

அவள் அறியாத ஒரு காரியம் உண்டு. சேமிப்போடு கூடிய நீண்டகாலப் பாலிசிகள் சிலவற்றில், முதலாண்டு பிரீமியத்தில் ஏறத்தாழக் கால் பங்கு முகவருக்குக் கமிஷனாகச் செல்கிறது. முதல் ஓரிரு ஆண்டுகளில் பாலிசியை நிறுத்திவிட்டால் கட்டியதில் பெரும்பகுதி திரும்ப வராது. அவளுடைய வீட்டுக்காரருக்கு வேலை போனால் நட்டம் அவளுக்கு. முகவர் தம் பங்கை முன்னமே பெற்றிருப்பார். இதில் சட்டமீறல் எதுவுமில்லை. அதனாலேயே இது ஆபத்தானது.

நெகேமியாவின் புத்தகம் ஐந்தாம் அதிகாரத்தை இந்த வாரம் நிதானமாக வாசியுங்கள். ஜனங்கள் தானியத்துக்காக நிலங்களையும் திராட்சத்தோட்டங்களையும் அடகு வைத்திருந்தார்கள். கடன் கொடுத்தவர்கள் அந்நியரல்லர், சொந்தச் சகோதரர். நெகேமியா கோபங்கொண்டதற்குக் காரணம் அதுவே. பின்பு அவர் தமக்கு உரிமையாயிருந்த அதிபதியின் படியையும் பன்னிரண்டு ஆண்டுகள் வாங்காமல் விட்டார். உரிமையுள்ளதையும் விட்டுவிட வேண்டிய இடங்கள் உண்டு என்பதை அவர் அறிந்திருந்தார்.

இதை மனதில் வைத்து, இத்துறைக்குச் செல்கிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான். நேர்வழியில் நுழையுங்கள். மியூச்சுவல் ஃபண்ட் விநியோகஸ்தராக வேண்டுமானால் என்.ஐ.எஸ்.எம். 5-ஏ தேர்வை எழுத வேண்டும்: 100 கேள்விகள், 2 மணி நேரம், 50 விழுக்காடு பெற்றால் தேர்ச்சி. விடைத்தாள் திருத்திப் பழகியவர்களுக்கு அது பெரிய மலையன்று. அதன்பின் ஆம்ஃபியில் பதிவு செய்ய வேண்டும். அந்தப் பதிவு உங்களை விற்பனையாளராக்கும், ஆலோசகராக்காது. 2013 முதல் நடைமுறையிலுள்ள செபி விதிகளின்படி முதலீட்டு ஆலோசகர் தனிப் பதிவு பெற்று, வாடிக்கையாளரிடம் கட்டணம் வாங்குகிறவர். விநியோகஸ்தருக்கு நிறுவனம் கமிஷன் தருகிறது. இந்த வேறுபாட்டை எதிரில் இருப்பவரிடம் உங்கள் வாயாலேயே சொல்லுங்கள். கமிஷன் இல்லாத நேரடித் திட்டம் 2013 ஜனவரி முதல் இருக்கிறது என்பதையும் மறைக்காதீர்கள். புதிய ஆயுள் காப்பீட்டுப் பாலிசி கைக்கு வந்து 30 நாட்களுக்குள் வேண்டாமென்று திருப்பிக் கொடுக்கலாம் என்பதையும் சொல்லுங்கள். சிலர் வேறிடம் போவார்கள், போகட்டும்.

பதிவில்லாத நிறுவனங்களுக்கு டெப்பாசிட் திரட்டும் வேலையை மட்டும் எத்தனை வருமானம் வந்தாலும் ஏற்காதீர்கள். முதலீட்டாளர்களைக் காக்கத் தமிழ்நாடு 1997-ஆம் ஆண்டே தனிச் சட்டம் இயற்ற வேண்டி வந்தது. அப்படி ஏமாந்த குடும்பங்களைப் போய்ப் பாருங்கள். அவர்களைச் சேர்த்துவிட்டவர் முன்பின் தெரியாதவராக இருந்திருக்க மாட்டார்.

இத்தனை சொல்லியும், நல்ல ஆசிரியர்கள் இத்துறைக்குள் போகவேண்டும் என்றே விரும்புகிறேன். அங்கே விற்கத் தெரிந்தவர்கள் அநேகர், விளக்கத் தெரிந்தவர்கள் கொஞ்சம். நாமினியின் பெயர் எழுதப்படாமையால் கணவன் இறந்தபின் அலுவலகம் அலுவலகமாய் அலையும் விதவைகள் நம் சபைகளில் இருக்கிறார்கள். கூட்டுவட்டி எப்படி வளரும் என்பதையும், கடனட்டையில் அதே வட்டி எப்படித் திரும்பிக் கடிக்கும் என்பதையும் ஏழாம் வகுப்புப் பிள்ளைக்குச் சொல்வதுபோல் சொல்ல ஒருவர் வேண்டும். அந்த வரம் உங்களுக்கு உண்டு.

ஒன்று மட்டும்: இன்னும் வகுப்பில் நிற்கிற நாட்களில், உங்களிடம் படிக்கும் பிள்ளையின் பெற்றோரிடம் படிவத்தை நீட்டாதீர்கள். அவர்களால் உங்களிடம் "வேண்டாம்" என்று சொல்ல முடியாது.