பழைய பெட்டிக்குப் புதிய வேகம்

நமக்கு வந்திருக்கும் கடிதங்களில் ஒன்றை இவ்வாரம் எடுத்துக்கொள்வோம். எழுதியிருப்பவர் ஒரு குடும்பஸ்தர். வீட்டில் 2017-ஆம் வருஷத்துக் கம்ப்யூட்டர் ஒன்று இருக்கிறதாம். ரைசன் 3 1200 என்னும் பிராசஸர், பி350 வகை மதர்போர்டு, ஒரே துண்டாக 8 ஜிபி ராம், ஒரு பழைய ஹார்ட் டிஸ்க். குமாரன் என்ஜினீயரிங் காலேஜில் சேர்ந்திருக்கிறான். "புதுப் பெட்டி வாங்கிக் கொடுங்கள், இல்லாவிட்டால் இதையே ஓவர்கிளாக் செய்துகொள்ள அனுமதி கொடுங்கள்" என்று பிடிவாதம் பிடிக்கிறான். கைவசம் உள்ள தொகை 15,000 ரூபாய். அந்தப் பெட்டிக்குள்ளேதான் குடும்பத்தின் புகைப்படங்கள் யாவும் இருக்கின்றன. "பையன் சொல்வதைக் கேட்கலாமா? புகை வந்துவிடுமா?" என்று வினவுகிறார்.

கேட்கலாம் என்பதே நம் அபிப்பிராயம். ஆனால் பையன் கடைசியில் செய்ய வேண்டியதை முதலில் செய்யப் பார்க்கிறான்.

ஓவர்கிளாக் என்பது, தயாரித்தவர்கள் குறித்துக் கொடுத்த வேகத்துக்கு மேல் பிராசஸரை ஓட்டுவது. இதற்கு ஒரு சரித்திரமே உண்டு. 1998-இல் இன்டெல் கம்பெனி 'செலரான் 300ஏ' என்ற மலிவுச் சரக்கை வெளியிட்டது. போர்டிலிருந்து வரும் 66 மெகாஹெர்ட்ஸ் துடிப்பை நாலரையால் பெருக்கி அது 300-இல் ஓடிற்று. அத்துடிப்பை 100 ஆக மாற்றினால் 450! அநேகம் செலரான்கள் மூச்சு வாங்காமல் அவ்வேகத்தில் ஓடின. விலை உயர்ந்த பிராசஸர்களின் வேலையை மலிவுச் சரக்கிடமே வாங்கிவிட்டதாக உலகெங்கும் இளைஞர்கள் குதூகலித்தார்கள். அந்தப் பொற்காலம் இப்பொழுது இல்லை. மிச்சமிருக்கும் சக்தியைக் கம்பெனிக்காரர்கள் தாங்களே பிழிந்தெடுத்து, வேண்டும்போது தானாகவே வேகம் கூடும்படி செய்துவிடுகிறார்கள். பையன் கையிலுள்ள 1200-இல் இன்னும் கொஞ்சம் பாக்கி இருக்கிறது. 3.1 கிகாஹெர்ட்ஸில் ஓடும் அதனை 3.7 வரை பலர் கொண்டுபோயிருக்கிறார்கள்.

ஆயினும் அந்தக் கம்ப்யூட்டர் ஆமை வேகத்தில் நடப்பதற்குக் காரணம் பிராசஸர் அல்ல. ஹார்ட் டிஸ்கின் முள் ஒரு வினாடியில் சுமார் நூறு இடங்களுக்குத்தான் போய் வர முடியும். எஸ்.எஸ்.டி.யில் முள்ளும் இல்லை, சுழலும் தட்டும் இல்லை. அது ஆயிரக்கணக்கான இடங்களைத் தொட்டுவிடுகிறது. ஆகவே முதல் ரூபாய் எஸ்.எஸ்.டி.க்கே போக வேண்டும். ஸாட்டா வகையே போதுமானது. வினாடிக்கு 550 மெகாபைட் என்ற அதன் எல்லை வீட்டு உபயோகத்துக்குத் தாராளம். பழைய டிஸ்கை எறிந்துவிட வேண்டாம். அதற்கு வேறு உத்தியோகம் வைத்திருக்கிறோம்.

இரண்டாவது செலவு ராம். ஒற்றைத் துண்டாக இருப்பதால் இரண்டு பாதைகளில் ஒன்று சும்மா கிடக்கிறது. அதே வகையில் இன்னொரு 8 ஜிபி சேர்த்தால் கொள்ளளவும் இரட்டிப்பாகும், பாதையும் அகலும். 2025-ஆம் வருஷக் கடைசியில் ராம் விலை கிடுகிடுவென்று ஏறியதை வாசகர்கள் அறிவார்கள். சென்னை ரிச்சித் தெருவில் ஒருமுறை உபயோகித்த துண்டையும் விசாரித்துப் பார்ப்பதில் கௌரவக் குறைவு ஒன்றுமில்லை. ரசீதும், மாற்றித் தருவதாக ஒரு வாக்கும் மட்டும் வாங்கிக்கொள்ள வேண்டும்.

மூன்றாவது, பணம் மிஞ்சினால், பிராசஸர். அதே ஏஎம்4 பீடத்தில் ரைசன் 5 5600 உட்காரும். நாலு கோர் இருந்த இடத்தில் ஆறு. விண்டோஸ் 10-க்குக் கம்பெனியின் பொதுவான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது. விண்டோஸ் 11-க்கு ஏற்றவை என்று கொடுத்திருக்கும் ஜாபிதாவில் 1200 இல்லை. அதனால் இந்தச் செலவு என்றைக்காவது வரத்தான் போகிறது. அதற்குமுன் போர்டின் பயாஸைப் புதுப்பிக்க வேண்டும். 5600 தங்கள் போர்டில் ஓடுமா என்று போர்டுக் கம்பெனியின் ஜாபிதாவைப் பார்த்துவிட்டே பணத்தை எடுக்க வேண்டும். புகை புகை என்று அஞ்சுகிறாரே நம் நண்பர், உண்மையில் அஞ்ச வேண்டிய இடம் இதுதான்! பயாஸ் மாறிக்கொண்டிருக்கும் சில நிமிஷங்களில் மின்சாரம் நின்றால் போர்டு உயிரற்ற பலகையாகிவிடக்கூடும். யு.பி.எஸ். இல்லாத வீட்டில் இதைத் தொடவே கூடாது. ஓவர்கிளாக் செய்த நிலையிலும் கூடாது.

வர்ண விளக்குப் போட்ட காற்றாடிகளைப் பற்றியும் பையன் கேட்கிறானாம். விளக்குக்கு வேகம் கிடையாது. பெயர் தெரியாத பவர் சப்ளை உள்ளே இருந்தால் அந்தப் பணத்தை அதற்குப் போடுவது நலம்.

இனி ஓவர்கிளாக். புதுப் பிராசஸர் வாங்கும் வரையில் இது செலவில்லாத வித்தை. 1200-இன் பெருக்கல் எண் பூட்டப்படாதது, பி350 போர்டும் தடை சொல்லாது. ஆனால் இதனால் நேரும் சேதத்துக்குக் கியாரண்டி கிடையாது. உஷ்ணக் கணக்கையும் பையன் மனத்தில் பதித்துக்கொள்ள வேண்டும். வேகத்தைக் கூட்டினால் உஷ்ணம் அதே அளவில்தான் கூடும். வோல்டேஜைக் கூட்டினாலோ அதன் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடும். இரண்டையும் நூற்றுக்குப் பத்து ஏற்றினால் உஷ்ணம் நூற்றுக்கு முப்பத்துமூன்று ஏறுகிறது. ஆகையால் முதலில் வோல்டேஜைத் தொடாமல் 100 மெகாஹெர்ட்ஸ் மட்டும் ஏற்றி, பிரைம்95 போன்ற சோதனையை ஒரு மணி நேரம் ஓட்டிப் பார்ப்பது. நின்றால் இன்னொரு 100. தடுமாறினால் வோல்டேஜில் ஓர் இம்மி. 1.35 வோல்ட்டுக்கு மேலும் 80 டிகிரிக்கு மேலும் போவதை நாம் சிபார்சு செய்யமாட்டோம். திரை இருண்டுவிட்டால் அழ வேண்டாம். போர்டின் சிறு பாட்டரியைச் சற்றுக் கழற்றி மாட்டினால் பழைய அமைப்பு திரும்பிவிடும்.

பெட்டி எரிவதைவிடக் கொடியது, சத்தமில்லாமல் நேரும் பிழை. அளவுக்கு மீறி ஓட்டிய ராம் ஓர் எழுத்தை மாற்றிக் கொடுக்கும். அது அப்படியே டிஸ்கில் பதிந்துவிடும். கல்யாணப் படம் பாதி சாம்பல் நிறமாகத் திறக்கும்போதுதான் தெரியவரும். ஆகவே சோதனை தொடங்குமுன் படங்கள் அனைத்தையும் அந்தப் பழைய ஹார்ட் டிஸ்கில் நகல் எடுத்து, கம்பியைக் கழற்றி, பீரோவில் வைத்துப் பூட்டிவிட வேண்டும். இதைச் செய்து காட்டிய பிறகே தகப்பனார் அனுமதி தரலாம்.

இன்னொன்று. காற்றாடி எத்தனை சுழன்றாலும் அறையின் காற்றைக் காட்டிலும் பிராசஸரைக் குளிர்விக்காது. அறை பத்து டிகிரி சூடானால் பிராசஸரும் ஏறக்குறைய அவ்வளவு சூடாகும். மார்கழியில் தேர்ச்சி பெற்ற அமைப்பைக் கத்திரி வெயிலில், பகல் இரண்டு மணிக்கு, மறுபடி ஒரு தரம் சோதித்துவிட வேண்டும். அப்போது தவறினால் 100 மெகாஹெர்ட்ஸ் குறைத்துக்கொண்டு, ஐப்பசி மழைக்குப் பின் மீண்டும் ஏற்றிக்கொள்ளலாம்.