நட்டக் கணக்குக்கு 8.4 பில்லியன் டொலரா?

எந்த வேலையை யார், எந்தத் திகதிக்குள் முடிக்க வேண்டும் என்று நாம் கொப்பியில் குறித்து வைப்போம். அதையே இணையத்தில் செய்யும் மென்பொருளை வருடச் சந்தாவுக்கு விடுகிறது அமெரிக்காவின் ஸ்மார்ட்ஷீட் கம்பனி. 2018இல் அது நியூயோர்க் பங்குச் சந்தைக்கு வந்தபோது பங்கு 15 டொலர்.

2024 ஜனவரியில் முடிந்த நிதியாண்டில் வருமானம் சுமார் 958 மில்லியன் டொலர். நட்டமோ 100 மில்லியனுக்கு மேல். ஆனாலும் கையில் காசு புரண்டது. எப்படி? வாடிக்கையாளர் பெரும்பாலும் சந்தாவை முற்பணமாகவே கட்டிவிடுகிறார். (நாமோ சரக்கைக் கொடுத்துவிட்டு மூன்று மாதச் செக்குக்குப் பின்னால் அலைகிறோம்!) ஊழியர் சம்பளத்திலும் ஒரு பகுதி காசாக அல்லாமல் பங்காகப் போகிறது. இது கல்லாவைத் தொடாது. பழைய பங்குதாரரின் உரித்துத்தான் சிறுக்கிறது. ஆகவே காசு வரவை மட்டும் காட்டி 'நல்ல கம்பனி' என்போரை நான் நம்புவதில்லை.

2025 ஜனவரியில் பிளாக்ஸ்டோன், விஸ்டா ஆகிய முதலீட்டு நிறுவனங்கள் பங்குக்கு 56.50 டொலர் வீதம், சுமார் 8.4 பில்லியனுக்கு முழுக் கம்பனியையும் வாங்கிவிட்டன. 15 டொலருக்கு வாங்கிப் பொறுத்திருந்தவருக்கு நல்ல இலாபம். 2021இல் 80ஐத் தாண்டிய விலையில் பாய்ந்து வாங்கியவருக்கோ, கம்பனி வளர்ந்தும் கைநட்டம்.