மீன் பிழைத்தால் மட்டும் போதுமா?

ஆலைக் கழிவுநீர் கடலில் விடத் தகுந்ததா என்று பார்க்க ஒரு சோதனை உண்டு. தண்ணீர் கலக்காத கழிவுநீரில் மீன்களை விடுவார்கள். 96 மணி நேரம் கழித்து நூற்றுக்குத் தொண்ணூறு மீன் உயிரோடிருந்தால் ஆலை அதில் தேறிவிடும். 1986-ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் பாதுகாப்பு விதிகளில் உள்ள பொதுத் தரவரையறை இது. கீழவைப்பாருக்கும் சிப்பிகுளத்துக்கும் தூத்துக்குடிக்கும் முன்னே கிடக்கும் கடலுக்கு இந்தச் சோதனை போதாது. இங்கே சிப்பியின் கருவையும் வைத்துச் சோதிக்க வேண்டும்.

முத்துச்சிப்பி முட்டையையும் விந்தையும் கடல்நீரில் விட்டுவிடும். கரு உண்டாவதே வெளியில்தான். ஒரு மில்லிமீட்டரில் ஏறக்குறைய இருபதில் ஒரு பங்கே உள்ள அந்த முட்டை, ஒரே நாளுக்குள் பலவாகப் பிளந்து, நீந்தக் கற்று, இரட்டை ஓட்டின் முதல் வடிவத்தையும் எடுத்துவிடுகிறது. பிறகு மூன்று வாரம் நீரோட்டம் இழுத்த இழுப்புக்கு மிதக்கும். கண்புள்ளி தோன்றி, கால் வளர்ந்ததும் ஒட்டிக்கொள்ளப் பார், அதாவது கடலடிப் பாறைத் திட்டு, வேண்டும்; கிடைக்காவிட்டால் சாவுதான். வளர்ந்த சிப்பி தாங்கிக்கொள்ளும் அளவைவிட மிகக் குறைந்த தாமிரமே அந்த முதல் நாளைக் குலைத்துவிடும். ஓடு கோணலாகும், அல்லது உருவாகவே உருவாகாது. தொட்டியில் நீந்தும் மீனுக்கு இதெல்லாம் தெரியாது.

சங்கு வேறு ரகம். ஆட்டுக்கொம்பு போல முறுக்கிய முட்டைக்கூட்டை மணலில் ஊன்றி வைக்கும். குஞ்சு அதற்குள்ளேயே சங்காகி ஊர்ந்து வெளியே வரும். மிதந்து திரியும் பருவம் அதற்குக் கிடையாது. அந்த இடத்துத் தண்ணீர் கெட்டால் தப்பிக்க வழியும் கிடையாது.

பிரான்சின் ஆர்க்கஷோன் விரிகுடாவில் 1970-களின் கடைசியில் சில ஆண்டுகள் சிப்பிக் குஞ்சுகள் ஒட்டவே இல்லை. பெரிய சிப்பிகள், ஓடு தடித்துக் கோணினாலும், உயிரோடுதான் இருந்தன. படகின் அடியில் பாசி பிடிக்காமலிருக்கப் பூசிய டிரைபியூட்டைல் டின் கலந்த சாயமே காரணம் என்று தெரிந்ததும், 1982-இல் சிறு படகுகளுக்கு அதைத் தடை செய்தார்கள். குஞ்சுகள் மறுபடி ஒட்டத் தொடங்கின. பெரிய சிப்பிகளின் உயிரை மட்டும் கணக்கெடுத்திருந்தால் அந்தத் தடை வந்திருக்குமா?

இங்கே முத்துக்குளிப்பு 1961-உடன் நின்றுபோனதற்கு ஆலைகளைக் காரணம் காட்டுவது நியாயமாகாது. ஆலைகள் வருவதற்கு முன்பும் பார்கள் பல்லாண்டுகள் வெறுமையாகக் கிடந்திருக்கின்றன. குஞ்சு ஒட்டாத ஆண்டுகள் இந்தக் கடலுக்குப் புதிதல்ல. ஆனால் இயற்கையாகவே இவ்வளவு நொய்ந்த ஒரு பருவத்தின் மேல் அனல்மின் நிலையச் சாம்பலும் ரசாயனக் கழிவும் எவ்வளவு சுமையேற்றலாம் என்பதை அளந்து பார்க்காமலே அனுமதி கொடுப்பதை எப்படி ஏற்பது?

அளக்கும் கை நம்மிடம் இருக்கிறது. மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் தூத்துக்குடி மையம் 1973-இல் வளர்ப்பு முத்தை எடுத்தது. 1981-இல் பொரிப்பகத்தில் முட்டையிலிருந்து சிப்பிக் குஞ்சு வரை வளர்த்துக் காட்டியது. இதே இனச் சிப்பியின் மரபுத்தொகுதியை 2012-இல் ஒக்கினாவா ஆய்வாளர்கள் படித்து வெளியிட்ட பிறகு, ஓடு கட்டும் மரபணுக்கள் எவை என்று தேடுவதும் எளிதாகியிருக்கிறது. சிப்பிக் கருவைக் கொண்டு இரண்டே நாளில் நீரைச் சோதிக்கும் முறை மேலை நாடுகளில் பல்லாண்டாக வழக்கத்தில் உள்ளது. மீன் சோதனை கேட்கும் நேரத்தில் இது பாதிதான்.

கரு ரொம்பவும் நொய்ந்தது, மழைத் தண்ணீர் கலந்தாலே செத்துவிடும், பழியை மட்டும் நாங்கள் சுமப்பதா என்று ஆலைத் தரப்பு கேட்கும். கேள்வி சரிதான். அதனால்தான் பக்கத்திலேயே சுத்தமான கடல்நீரிலும் அதே முட்டைகளை வைத்து, உப்பின் அளவைச் சமப்படுத்தி ஒப்பிடுகிறார்கள். சிப்பி முட்டையிடாத மாதங்களுக்குக் கடல் முள்ளெலியின் கரு உதவும்.

மாசுக் கட்டுப்பாட்டு வாரியம், இந்தக் கரையில் கடலுக்குக் கழிவுநீர் விடும் ஒவ்வோர் ஆலையின் அடுத்த அனுமதிப் புதுப்பிப்பிலும் இந்தக் கருச் சோதனையை நிபந்தனையாகச் சேர்க்க வேண்டும். சோதனையைத் தூத்துக்குடி மீன்வளக் கல்லூரி செய்யட்டும், செலவை ஆலைகள் கொடுக்கட்டும். முடிவைத் தமிழில் எழுதி, கீழவைப்பார் உட்பட ஒவ்வொரு கடலோர ஊராட்சி அலுவலகத்திலும் ஒட்ட வேண்டும்.