பத்தாவது ரவுண்டிலும் பிரேக் பிடிக்குமா?

ஞாயிற்றுக்கிழமை என்றால் சென்னையிலிருந்து பழவேற்காட்டுக்கு வண்டிகள் வரிசைகட்டும். நண்டும் இறாலும் வாங்க ஒரு கூட்டம், ஏரியைப் பார்க்க இன்னொரு கூட்டம். செங்குன்றம் தாண்டி, சோழவரம் வழியாகப் பொன்னேரிப் பக்கம் போகும் பலருக்கும் ஒரு விஷயம் தெரியாது. இந்தியக் கார் பந்தயத்தின் பழைய தலைநகரத்தைத்தான் அவர்கள் கடந்து போகிறார்கள்!

இரண்டாம் உலகப்போர்க் கால விமான ஓடுதளம் ஒன்று சோழவரத்தில் இருந்தது. 1953-ல் தொடங்கப்பட்ட மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் அங்கேதான் பல ஆண்டுகள் பந்தயம் நடத்தியது. விமானத்துக்காகப் போட்ட நேர்ப்பாதை. அதில் முழு வேகத்தில் வந்து, கடைசியில் சட்டென்று திரும்ப வேண்டும். அன்றைய ஃபியட் கார்களில் நான்கு சக்கரத்திலும் டிரம் பிரேக்தான். சூடு வெளியேற வழியில்லாத மூடிய டப்பா அது.

அதே 1953-ல் பிரான்ஸின் லெ மான் 24 மணி நேரப் பந்தயத்தில் ஜாகுவார் ஜெயித்தது. அதன் பலம் டிஸ்க் பிரேக். திறந்தவெளியில் சுழலும் தட்டு என்பதால் காற்று பட்டு வேகமாக ஆறியது. மற்றவர்களைவிடத் தாமதமாக பிரேக் அடித்தும் வளைவில் திரும்ப முடிந்தது. எஞ்சின் பலம் மட்டுமே பந்தயத்தை ஜெயிக்காது என்பதை உலகம் அன்று பார்த்தது.

பழவேற்காட்டு மீனவரின் படகில் பிரேக் என்று ஒன்று கிடையாது. கரை நெருங்கும்போது எஞ்சினைக் குறைத்தால் போதும், படகின் வேகத்தைத் தண்ணீரே வாங்கிக்கொள்ளும். காருக்கு அந்த வசதி இல்லை. வேகம் முழுவதும் வெப்பமாக மாறி பிரேக் டிஸ்க்கில்தான் இறங்க வேண்டும்.

எவ்வளவு வெப்பம்? 1,500 கிலோ எடையுள்ள கார் 180 கிலோமீட்டர் வேகத்திலிருந்து 72-க்குக் குறைகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். சுமார் 5 லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைக்கும் சூடு, மூன்றே விநாடியில் பிறக்கிறது. ஊருக்குள் 60-ல் வந்து நிற்பதைவிட இது ஏழு மடங்குக்கும் அதிகம். ஸ்ரீபெரும்புதூர் அருகே இருங்காட்டுக்கோட்டையில் 1990 முதல் இயங்கும் டிராக்கின் நீளம் சுமார் 3.7 கிலோமீட்டர். அங்கே ஒவ்வொரு சுற்றிலும் இப்படிப் பல முறை பிரேக் அடிக்க வேண்டும். டிஸ்க் ஆறுவதற்குள் அடுத்த வளைவு வந்துவிடும்.

புது ஸ்போர்ட்ஸ் கார் வாங்கி டிராக்குக்குப் போகும் இளைஞர்கள் முதலில் தடுக்கி விழும் இடம் இதுதான். சிவப்பு பெயின்ட் அடித்த பெரிய கேலிப்பரை லட்சங்கள் கொடுத்து மாட்டுகிறார்கள். ஒரே ஒரு முறை நிறுத்துவதற்கு அது பெரிய வித்தியாசம் செய்யாது. ஏபிஎஸ் வேலை செய்யும் அளவுக்குப் பழைய பிரேக்கே சக்கரத்தைப் பிடித்துவிடும். அதற்கு மேல் காரை நிறுத்துவது டயர்தான். டிராக்கில் கேள்வி வேறு. முதல் ரவுண்டில் பிடித்த பிரேக், பத்தாவது ரவுண்டிலும் அப்படியே பிடிக்குமா?

பிரேக் கைவிடுவதில் இரண்டு வகை உண்டு. பெடல் கல்லு மாதிரி இருக்கும், ஆனால் வண்டி நிற்காது. அப்படியென்றால் சூட்டில் பேட் பிடிப்பை இழந்துவிட்டது. பெடல் பஞ்சு மாதிரி தரை வரை இறங்கினால், பிரேக் ஆயில் கொதித்துவிட்டது என்று அர்த்தம். ஆயிலை அழுத்தினால் சுருங்காது. கொதித்து உண்டாகும் ஆவி சுருங்கும். கால் கொடுக்கும் அழுத்தமெல்லாம் அந்தக் குமிழியிலேயே போய்விடும்.

அதனால் முதல் செலவு ஆயிலுக்கு. புதிய டாட் 4 ஆயில் குறைந்தது 230 டிகிரி வரை கொதிக்காது. ஆனால் அது காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும். சுமார் 3.7 சதவீதம் நீர் சேர்ந்தாலே அந்த வரம்பு 155 டிகிரிக்கு இறங்கிவிடலாம். பந்தய ஆயில்கள் 300 டிகிரிக்கு மேலும் தாங்கும். இரண்டாவது, டிராக்குக்கான பேட். மூன்றாவது, முன் பம்பரிலிருந்து டிஸ்க்கின் நடுப்பகுதிக்குக் காற்று கொண்டுபோகும் குழாய். இத்தனையும் செய்தபிறகும் சூடு அடங்காவிட்டால்தான் பெரிய டிஸ்க், பெரிய கேலிப்பர். அப்போதும் முன், பின் சக்கரங்களின் பிரேக் சமநிலை கெடாத செட்டாக இருக்க வேண்டும். ஓட்டி முடித்ததும் ஒரு சுற்று மெதுவாக ஓட்டி ஆறவிட வேண்டும். சூட்டோடு ஹேண்ட்பிரேக் போடக் கூடாது.

அதே பேட்டோடு வீட்டுக்குத் திரும்புவது அடுத்த ஆபத்து. பந்தய பேட் சூடேறினால்தான் நன்றாகப் பிடிக்கும். காலையில் பொன்னேரி சாலையில் திடீரென்று ஓர் ஆடு குறுக்கே வந்தால், சாதாரண பேட் நிறுத்தும் தூரத்தில் அது நிறுத்தாமல் போகலாம். சட்டமும் இருக்கிறது. ஆர்.சி.யில் உள்ள விவரங்கள் கம்பெனியின் மூல வடிவமைப்பிலிருந்து மாறுபடும்படி வண்டியை மாற்றுவதை மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு தடுக்கிறது. மாற்றம் செய்யும் முன் விசாரித்துக்கொள்வது நல்லது.

2025 ஜனவரியில் துபாய் 24 மணி நேரப் பந்தயத்துக்கான பயிற்சியில் நடிகர் அஜித்குமாரின் கார் தடுப்பில் மோதிச் சுழன்றதைத் தமிழ்நாடே பதைபதைத்துப் பார்த்தது. பிரேக் பிடிக்காததே காரணம் என்று அவர் தரப்பில் சொல்லப்பட்டது. அவர் காயமின்றி இறங்கினார். அவரது அணி அந்தப் பந்தயத்தில் தன் பிரிவில் மூன்றாம் இடம் பிடித்தது. டிராக்கில் பாதுகாப்புத் தடுப்பு உண்டு, தலைக்கவசம் உண்டு, ஓடிவர மருத்துவக் குழு உண்டு. நம் சாலைகளில் இவை எதுவும் இல்லை.

ஸ்போர்ட்ஸ் கார் இல்லாதவர்களுக்கும் இதில் பாடம் இருக்கிறது. கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் பிரேக்கை மிதித்தபடியே இறங்கினால், குடும்பக் காரிலும் ஆயில் கொதிக்கலாம். கீர் குறைத்து, எஞ்சின் பிடிப்பில் இறங்குவதே வழி. பழவேற்காடு போன்ற கடலோர ஊர்களில் காற்றிலேயே ஈரமும் உப்பும் உண்டு. மீன் பெட்டியிலிருந்து சொட்டும் உப்புத் தண்ணீர் லோடு ஆட்டோவின் பிரேக் குழாயையும் அரிக்கும். இரண்டு ஆண்டுக்கு ஒருமுறையாவது பிரேக் ஆயில் மாற்றுங்கள். வண்டியை அடியில் கழுவச் சொல்லுங்கள்.

காலையில் வண்டியைக் கிளப்பும் முன் ஒருமுறை பெடலை அழுத்திப் பாருங்கள். வழக்கத்தைவிட ஆழமாக இறங்கினால், அன்று வண்டி வீட்டிலேயே நிற்கட்டும். முதல் போன் மெக்கானிக்குக்குப் போகட்டும்.