அறியாமல் ஆடும் கால்

எதிரே இருப்பவர் விடாமல் காலாட்டினால், பார்த்துக்கொண்டிருப்பவரின் காலும் சற்று நேரத்தில் ஆடத் தொடங்கிவிடுகிறது. சொந்தப் புத்தி இல்லாதவர்தான் இப்படி அடுத்தவரைப் போலச் செய்வார் என்று நினைப்பது தவறு.

தான்யா சார்ட்ரண்ட், ஜான் பார்க் என்ற உளவியலாளர்கள் நியூயார்க் பல்கலைக்கழகத்தில் நடத்திய சோதனை 1999-இல் வெளிவந்தது. முன்பின் அறியாத இருவர் சேர்ந்து உட்கார்ந்து புகைப்படங்களைப் பார்த்து விவரிக்க வேண்டும். அவர்களில் ஒருவர் ஆய்வாளர்கள் அனுப்பிய ஆள். அவர் முகத்தைத் தடவினால் மற்றவரின் கையும் அடிக்கடி முகத்துக்குப் போனது. காலை ஆட்டினால் மற்றவரின் காலும் கூடுதலாக ஆடியது. அப்படிச் செய்தது அவர்களுக்கே தெரியவில்லை. இதற்குப் 'பச்சோந்தி விளைவு' என்று பெயர் வைத்தார்கள். அடுத்த சோதனையில் அனுப்பப்பட்டவர் மற்றவரின் அசைவுகளை மெல்லப் பின்பற்றினார். பின்பற்றப்பட்டவர்களுக்கு அவரைக் கூடுதலாகப் பிடித்துப்போனது.

பார்ப்பதும் செய்வதும் மூளையில் சில இடங்களில் ஒரே வீட்டில் குடியிருக்கின்றன. இத்தாலியின் பார்மா நகரில் ஜாகோமோ ரிசோலாத்தி குழுவினர் 1990-களில் குரங்குகளின் மூளையில் இதைக் கண்டார்கள். குரங்கு ஒரு பொருளை எடுக்கும்போது இயங்கிய சில நரம்பணுக்கள், வேறொருவர் எடுப்பதைப் பார்த்தபோதும் இயங்கின. மனிதர்கள் ஒருவரையொருவர் பின்பற்றுவதற்கு அவையே முழுக் காரணம் என்று சொல்லிவிடுவது அவசரம்.

2008-இல் வெளிவந்த ஓர் ஆய்வுதான் மனதைத் தொடுகிறது. கணினியில் பந்து எறியும் விளையாட்டில் சிலருக்குப் பந்து வராமல் ஒதுக்கினார்கள். அதன்பின் புதிதாக ஒருவரைச் சந்தித்தபோது, ஒதுக்கப்பட்டவர்களே அவருடைய காலாட்டத்தை அதிகமாகப் பின்பற்றினார்கள். சேர்த்துக்கொள்ளுங்கள் என்று வாய் கேட்கத் தயங்குவதை உடம்பு கேட்டுவிடுகிறது.

இப்படிப் பின்பற்றுவதை வியாபார உத்தியாக்கி, வாடிக்கையாளர் கைகட்டினால் நீங்களும் கைகட்டுங்கள் என்று விற்பனையாளர்களுக்குச் சொல்லித்தருவது சரியல்ல. நெதர்லாந்தில் ரிக் வான் பாரன் குழுவினர் 2003-இல் வெளியிட்ட ஆய்வில், வாடிக்கையாளர் சொன்ன ஆர்டரை அப்படியே திருப்பிச் சொன்ன பரிமாறும் பெண்ணுக்கு டிப்ஸ் கூடுதலாகக் கிடைத்தது. அதில் குறை காண ஒன்றுமில்லை. ஆர்டர் தவறாமல் வருவது சாப்பிடுபவருக்கும் நல்லதுதானே. திட்டமிட்டுக் கைகட்டுவதில் லாபம் விற்பவருக்கு மட்டுமே. எதிரில் இருப்பவர் அது தானாக வந்த நட்பு என்று நம்பிப் பணத்தை எடுக்கிறார்.