செஞ்சிப் பாறையில் கயிறு கட்டலாமா?

கடற்கரைச் சாலையில் நடந்து வளர்ந்த புதுவை மாணவர்களாகிய நமக்கு மலை என்றால் ஏறத்தாழ 70 கிலோமீட்டர் தொலைவிலுள்ள செஞ்சிதான். சென்ற ஆண்டுச் சுற்றுலாவில் நண்பனொருவன் ராஜகிரியின் செங்குத்துப் பாறையைக் காட்டி, "படிக்கட்டில் யாரும் ஏறலாம். கயிறு கட்டி இதில் ஏறுவதல்லவா ஏற்றம்!" என்றான். அன்று நானும் கைதட்டினேன். இன்று தட்டமாட்டேன்.

அது வெறும் பாறையன்று. 1750-இல் புஸ்ஸியின் படை ஒரே இரவில் கைப்பற்றி, 1761 வரை பிரெஞ்சுக்காரர் வசமிருந்த கோட்டை. அவ்வகையில் நம் ஊருக்கும் உறவு. 2025-இல் யுனெஸ்கோ உலக மரபுச் சின்னமாக ஏற்ற பன்னிரண்டு மராட்டியர் கோட்டைகளுள் தமிழகத்தில் உள்ளது இது ஒன்றே. பக்கத்திலேயே திருநாதர்குன்று. அங்கே பாறை முகத்தில் 24 தீர்த்தங்கரர் உருவங்கள். 57 நாள் உண்ணா நோன்பிருந்து உயிர்நீத்த சந்திரநந்தியைக் குறிக்கும் பழந்தமிழ்க் கல்வெட்டு. பிடி வழுக்காதிருக்கப் பாறையேறுவோர் கையில் பூசும் வெள்ளைத் தூள் அவ்வெழுத்தில் அப்பினால் என்னாகும்? துளையிட்டு ஆணி அடித்தால் அந்தக் காயம் ஆறுமா?

ஆனால், "தடை போதும்" என்போருடனும் எனக்கு உடன்பாடில்லை. கோட்டைச் சுவரில் காதலி பெயரைக் கீறியவர் எவரும் கயிறு கட்டி வந்தவரல்லர், படியேறி வந்தவர்களே. (நம் பேருந்தில் வந்த ஒருவரும் சாவியை எடுத்தார். பெயர் வேண்டாம்.) விழுப்புரம் மாவட்டத்தில் ஜல்லிக்காகக் குன்றுகளே உடைபடுகின்றன. பாறையேறுபவனுக்கோ அந்தக் குன்று நாளையும் நின்றாக வேண்டும். அவனைப் பகைத்துக்கொள்வானேன்?

பாதுகாக்கப்பட்ட சின்னங்களின் எல்லைக்கு வெளியே எத்தனையோ பாறைகள் கிடக்கின்றன. காப்புக் காடானால் வனத்துறையிடம் அனுமதி பெறுவோம். ஊர்ப் பொது நிலமானால் பெரியவர்களைக் கேட்போம். நமக்குப் பாறையாகத் தெரிவது அவர்களுக்குக் குலதெய்வமாக இருக்கலாம். துளையிடாமல் மேலேயுள்ள உறுதியான பாறையில் கயிற்றைச் சுற்றிக் கட்டுவோம். நவம்பர் முதல் ஏப்ரல் வரை பாறை விளிம்புகளில் கொம்பன் ஆந்தை முட்டையிட்டுக் குஞ்சு பொரிக்கும். கூடு கண்டால் இறங்கிவிடுவோம்.

இதைக் கேட்ட நண்பன், "நம் சுற்றுலா தை மாதத்தில்தானே! ஆடிக்கு மாற்றச் சொல்" என்றான். மாற்றலாமே. தேசிய மாணவர் படையில் பாறையேற்றப் பயிற்சி பெற்ற ஒருவர் உடன் வரட்டும். விரிவுரையாளர்கள் வனத்துறைக்கு ஒரு கடிதம் எழுதித் தந்தால் போதும். கயிற்றின் செலவை எங்கள் வகுப்பு ஏற்கும்.