வெறுங்கைப் படம்

இருக்கன்குடி மாரியம்மன் கோவிலுக்கு நீங்கள் போயிருக்கலாம். சாத்தூருக்குப் பக்கத்தில், அர்ச்சுனா நதியும் வைப்பாறும் சேருமிடத்தில் இருக்கிறது. கண்ணில் கோளாறு என்றால் அந்த அம்மனை வேண்டிக்கொண்டு, குணமானதும் கண்மலர் வாங்கிச் செலுத்துவது அந்தப் பக்கத்து ஜனங்களின் வழக்கம். கண்ணுக்கு அவ்வளவு மதிப்பு! ஆனால், சகோதரிகளே, அந்தக் கண்ணைக்கொண்டு இப்பொழுது நாம் எதைப் பார்த்துக்கொண்டிருக்கிறோம்?

இந்தக் கேள்வியைப் படமாகவே போட்டுக் கேட்டிருக்கிறார்கள் இரண்டு கலைஞர்கள். ஒருவர் பிரான்ஸ் தேசத்து ஆந்த்வான் கெய்கர். 2015-ல் அவர் கம்ப்யூட்டர் உதவியால் செய்த படங்களில், செல்போன் பார்க்கிறவர்களின் முகம் ஜவ்வு மிட்டாய் மாதிரி இழுபட்டுத் திரைக்குள் போய்விடுகிறது. பார்த்தால் வயிற்றைக் கலக்கும்.

மற்றவர், அமெரிக்கப் புகைப்படக்காரர் எரிக் பிக்கர்ஸ்கில். அவர் ஜாலம் ஒன்றும் செய்யவில்லை. போன் பார்க்கிறவர்களை அப்படியே அசையாமல் இருக்கச் சொல்லி, போனை மட்டும் கையிலிருந்து எடுத்துவிட்டுப் படம் பிடித்தார். ஒரு படத்தில் அவரும் அவர் மனைவியுமே இருக்கிறார்கள். ஒரே படுக்கை, ஒருவருக்கொருவர் முதுகைக் காட்டிக்கொண்டு, ஆளுக்கொரு வெறுங்கையை உற்றுப் பார்க்கிறார்கள். சண்டையும் இல்லை, சமாதானமும் இல்லை!

கை ஏன் நிற்கமாட்டேன் என்கிறது? இருக்கன்குடி இருக்கும் அதே ஜில்லாவில்தான் சிவகாசியும் இருக்கிறது. அங்கே அச்சாகும் தினசரிக் காலண்டரில் நாளுக்கு ஒரு தாள்தான், கிழித்தால் தீர்ந்தது. செல்போனில் அந்த முடிவு கிடையாது. தள்ளத் தள்ள வந்துகொண்டேயிருக்கும் பக்கத்தை 2006-ல் வகுத்தவர் ஆஸா ராஸ்கின் என்பவர். பிற்பாடு அவரே அதற்காக வருந்தினார். 'அடுத்தது என்னவோ' என்ற ஆசையைத் தூண்டும் ஏற்பாடு அது. ஆகவே, நமக்கு மன உறுதி போதவில்லை என்று மட்டும் நொந்துகொள்ள வேண்டாம்.

ஆனால் நஷ்டம் நம்முடையதுதான். "அம்மா, இதைப் பாரேன்!" என்கிறது குழந்தை. "சொல்லு, கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன்" என்கிறோம், தலை நிமிராமல். இரண்டு தடவை கூப்பிடும். மூன்றாம் தடவை அதுவும் ஒரு போனைத் தேடிப் போய்விடும்.

இன்று ராத்திரி சாப்பிடும்போது, எல்லார் கையிலிருந்தும் போன் மறைந்துவிட்டதாக நினைத்துப் பாருங்கள். மிச்சமிருக்கும் படத்தைக் கூடத்தில் மாட்டிவைக்க உங்களுக்குச் சம்மதமா? இல்லையென்றால், சாப்பாடு முடியும்வரை போன்கள் அலமாரிக்குள் போகட்டும். முதலில் நம்முடையதை வைத்துவிடுவோம்; அப்புறம்தான் வீட்டுக்காரருடையதைக் கேட்க நமக்கு வாய் இருக்கும்!